குடியரசின் முதற் சட்டமன்றம்



ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், கும்மிடிப்பூண்டி வட்டாரத்துப் பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்பிற்குக் குடிமையியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சட்டமன்றத்தின் கடமைகள் யாவை என்பது அன்றைய பாடம். கரும்பலகையில் நான்கைந்து கடமைகளை எழுதி முடித்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, சட்டமன்றம் என்றால் கூச்சல் போட்டுவிட்டு வெளிநடப்புச் செய்யும் இடந்தானே?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால், அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை என்பதை அவன் முகத்தைப் பார்த்ததும் உணர்ந்தேன். அவனுடைய தந்தையார் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. சட்டமன்றத்தில் பேசப்படுவதற்கும் தன் வீட்டில் நடப்பதற்கும் யாதொரு தொடர்பும் இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை.

அன்று அவனுக்கு நான் சொன்ன விடையைத்தான் இன்று சற்று விரித்துச் சொல்லப் போகிறேன். அது 1952ஆம் ஆண்டு முதல் 1957ஆம் ஆண்டு வரை இருந்த சென்னைச் சட்டமன்றத்தின் வரலாறு. அந்த மன்றம் கலைந்த பிறகே நான் பிறந்தேன். எனினும், என் வாழ்க்கையின் போக்கை வகுத்தவற்றுள் அந்த மன்றமும் ஒன்று என்று நான் நம்புகிறேன். அதற்கான காரணம் பேச்சின் போக்கில் விளங்கும்.

அந்த மன்றம் எவ்வாறு பிறந்தது என்பதை முதலில் காண்போம். சென்னை மாகாணத்திற்குச் சட்டமன்றம் புதிதன்று. ஆங்கிலேயர் காலத்திலேயே இருந்தது. ஆனால், 1946ஆம் ஆண்டுத் தேர்தல் வரையில் வாக்குரிமை எல்லாருக்கும் இருந்ததில்லை. சொத்து, வரி, கல்வி முதலிய தகுதிகளைப் பார்த்துத்தான் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தார்கள். 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம் அந்த வேலியை அகற்றியது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. அந்த உரிமையைக் கொண்டு மக்கள் முதன்முதலாகச் சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுத்தது 1952ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில்.

அக்காலத்தில் இராஜ்யத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் ஏறக்குறைய ஐவரில் ஒருவரே. ஆகவே, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி வைத்து, அதன் மேல் அவருடைய சின்னத்தை ஒட்டியிருந்தார்கள். வாக்காளர் தாம் விரும்பிய பெட்டியில் சீட்டைப் போட வேண்டும், அவ்வளவுதான். என் அன்னையாருக்கு எழுத்து வாசனையே கிடையாது. அவர் அந்த நாளைப் பற்றிப் பின்னாளில் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். நிலக்காரரின் மனைவியும் தாமும் ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றதைத்தான் பெரிதாகச் சொல்லுவார். எந்தப் பெட்டியில் சீட்டைப் போட்டார் என்பதை மட்டும் கடைசி வரையில் எவரிடமும் சொன்னதில்லை.

அன்றைய சென்னை இராஜ்யம் இன்றைய தமிழ்நாட்டைப் போன்றதன்று. வடக்கே ஸ்ரீகாகுளம், மேற்கே மலபாரும் தென் கன்னடமும், தெற்கே திருநெல்வேலி என்று பரந்து கிடந்தது. அதற்கேற்ப மன்றமும் பெரியது. 309 தொகுதிகளிலிருந்து 375 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தொகுதியின் எண்ணிக்கையும் உறுப்பினர் எண்ணிக்கையும் ஏன் வேறுபடுகின்றன என்று நீங்கள் கேட்கலாம். 66 தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகள். அவற்றில் ஓர் இடம் தாழ்த்தப்பட்டோர்க்கோ பழங்குடியினர்க்கோ ஒதுக்கப்பட்டிருந்தது.

உறுப்பினர்கள் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஆகிய மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். மன்றம் கூடுவதற்கென்று மவுண்ட் ரோடை அடுத்த அரசினர் தோட்டத்தில் ஒரு புதிய கட்டடம் எழுப்பப்பட்டது. 1952ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் அங்கே மன்றம் கூடிற்று. பிற்காலத்தில் கலைவாணர் அரங்கம் எழுந்தது அந்த இடத்தில்தான். அவைத் தலைவராக அமர்ந்தவர் ஜே. சிவசண்முகம் பிள்ளை. தாழ்த்தப்பட்ட சமூகத்திற் பிறந்து, முன்னர்ச் சென்னை நகரின் மேயராகவும் விளங்கியவர் அவர். எல்லா மக்களும் வாக்களித்து அமைந்த முதல் மன்றத்தின் தலைமைப் பீடத்தில் அவர் அமர்ந்தது அந்தக் காலத்திற்குச் சிறு செய்தியன்று.

தேர்தல் முடிவுகள் எவரும் எதிர்பாராதவை. சுதந்திரம் பெற்றுத் தந்த காங்கிரஸ் கட்சிக்கு 375இல் 152 இடங்களே கிடைத்தன. கம்யூனிஸ்டுக் கட்சி 62 இடங்களைப் பெற்றது. கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி, தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி, காமன்வீல் கட்சி, சோஷலிஸ்டுகள், சுயேச்சைகள் என்று மீதி இடங்கள் பலவாறாகப் பிரிந்தன. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. காங்கிரசல்லாதார் பலர் ஆந்திரத் தலைவர் டி. பிரகாசத்தின் தலைமையில் ஓர் அணியாகத் திரண்டு, ஆட்சி அமைக்கும் உரிமை தமக்கே என்றனர். ஆளுநர் ஸ்ரீபிரகாசா இராஜாஜியை அழைத்தார். பொதுவாழ்விலிருந்து ஒதுங்கியிருந்த இராஜாஜி தேர்தலில் நின்றவரல்லர். மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டு, 1952ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் முதலமைச்சரானார். மக்கள் வாக்களித்த முதல் மன்றத்திற்கு, மக்களிடம் வாக்குக் கேளாத ஒருவர் முதல்வரா என்று எதிர்க்கட்சிகள் கடுமையாகக் கேட்டன. அக்கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால், ஜூலைத் திங்களில் அவர் மன்றத்தின் நம்பிக்கையைக் கோரியபோது, 200 பேர் ஆதரித்தும் 151 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். மன்றம் அவரை ஏற்றுக்கொண்டது.

நிலைத்த பெரும்பான்மையில்லாத மன்றம் வேலை செய்யாது என்று பலர் கருதுவர். இந்த மன்றமோ வேலை செய்தது. சிலபோது அமைச்சரவையின் விருப்பத்திற்கு மாறாகவும் செய்தது. அதை மூன்று செய்திகளைக் கொண்டு விளக்குவேன்: ஒன்று எல்லை, ஒன்று நிலம், ஒன்று பள்ளிக்கூடம்.

எல்லையை முதலில் எடுத்துக்கொள்வோம். இன்று கும்மிடிப்பூண்டியிலிருந்து வடக்கே எளாவூரையும் ஆரம்பாக்கத்தையும் கடந்தால் ஆந்திரம். 1952ஆம் ஆண்டில் அங்கே எல்லை என்று ஒன்றும் இல்லை. நெல்லூருக்குப் போகிறவர் வேறு மாநிலத்திற்குப் போவதாக நினைத்ததில்லை. தனி ஆந்திர இராஜ்யம் வேண்டி உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 58 நாள் நோன்பிற்குப் பின் 1952ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் சென்னையில் உயிர் துறந்தார். அதன் பின் பிரிவினை விரைந்தது. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவின்படி, ஓர் இராஜ்யத்தைப் பிரிக்கும் அதிகாரம் பாராளுமன்றத்திற்கே உண்டு; எனினும், அந்த இராஜ்யத்தின் சட்டமன்றக் கருத்தைக் கேட்டாக வேண்டும். ஆகவே, ஆந்திர இராஜ்ய மசோதா 1953ஆம் ஆண்டில் சென்னை மன்றத்தின் முன் வந்தது. ஒரே அவையில் அருகருகே அமர்ந்திருந்த தமிழரும் தெலுங்கரும், தாம் எப்படிப் பிரிய வேண்டும் என்பதைத் தாமே விவாதித்தனர். சென்னை நகரம் யாருக்கு, எந்த வட்டம் எந்தப் பக்கம் என்ற கேள்விகள் மன்றத்தின் உள்ளும் புறமும் அனல் பறக்கச் செய்தன. மன்றத்திற்கு வெளியே ம. பொ. சிவஞானம் வடக்கெல்லைக்காகக் கிளர்ச்சி நடத்தினார்.

1953ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர இராஜ்யம் பிறந்தது. சென்னை நமக்கு நின்றது. சித்தூர் மாவட்டம் முழுவதும், தமிழர் மிகுந்த திருத்தணியுடன், ஆந்திரத்திற்குப் போயிற்று. தெலுங்கு உறுப்பினர்களும் பெல்லாரிப் பகுதியினரும் விலகவே, 375ஆக இருந்த மன்றம் 231ஆகச் சுருங்கியது. எங்கள் ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. எல்லைதான் நடந்து வந்து எங்கள் வாசலுக்கருகே நின்றது. பெண் கொடுத்த ஊரும் பெண் எடுத்த ஊரும் இரண்டு அரசுகளுக்கு உட்பட்டன. நில வரி செலுத்தும் கச்சேரி ஒரு மொழியிலும் வீடு ஒரு மொழியிலும் இருக்கும் நிலை இரு பக்கத்தாருக்கும் ஏற்பட்டது. பின்னர்ப் படாஸ்கர் என்பவர் நடுநின்று வழங்கிய முடிவின்படி 1959ஆம் ஆண்டில் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி தமிழகத்திற்கு வந்தது; அதற்கு ஈடாக, எங்கள் பக்கத்துச் சத்தியவேடு வட்டாரம் ஆந்திரத்திற்குச் சென்றது. பேசித் தீர்க்க ஏழாண்டுகள் ஆயின. உலகில் எல்லைத் தகராறுகள் எவ்வாறெல்லாம் தீர்க்கப்பட்டன என்பதைப் படித்தவர்க்கு, ஏழாண்டுப் பேச்சு நீண்டதாகத் தோன்றாது.

அடுத்தது நிலம். அக்காலத்தில் உழுகிறவருக்கு நிலத்தின்மேல் எந்தப் பிடிப்பும் இல்லை. நிலக்காரர் விரும்பினால் இருக்கலாம். வேண்டாமென்றால் அடுத்த போகத்திற்கு வேறு ஆள். காவிரிப் பாசனப் பகுதியில் குத்தகைதாரர்களும் பண்ணையாட்களும் கொதித்தெழுந்தனர். 1952ஆம் ஆண்டு ஆகஸ்டில் அரசு முதலில் ஓர் அவசரச் சட்டத்தையும், பிறகு மன்றத்தின் வழியாகத் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தையும் கொண்டுவந்தது. குத்தகைதாரரைக் காரணமின்றி வெளியேற்றுவதை அது தடுத்தது. பண்ணையாளின் கூலியை வரையறுத்தது. ஆனால், அது தஞ்சை மாவட்டத்திற்கு மட்டுமே உரிய சட்டம். செங்கற்பட்டு மாவட்டத்துக் குத்தகைதாரரான என் தந்தையாரைப் போன்றோர்க்கு அதனால் பயனில்லை.

1955ஆம் ஆண்டில்தான் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இராஜ்யம் முழுமைக்கும் வந்தது. அதற்கடுத்த ஆண்டு நியாய வாரச் சட்டம் வந்தது. நன்செய் நிலத்தில் இயல்பான மகசூலில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் நிலக்காரருக்குச் சேரக் கூடாது என்று அது விதித்தது. இச்செய்தி ஊருக்கு வந்த நாளில் என் தந்தையார் அதை நம்பவில்லையாம். "சட்டம் சென்னையில் இருக்கும், களம் இங்கே அல்லவா இருக்கிறது!" என்றாராம்.

அவர் சொன்னதில் உண்மை இருந்தது என்பதையும் நான் மறைக்கலாகாது. குத்தகைதாரர்களுட் பெரும்பாலோரிடம் எழுத்துப் பத்திரம் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. தாம் குத்தகைதாரர் என்பதையே மெய்ப்பிக்க முடியாதவர் சட்டத்தின் பாதுகாப்பை எப்படிக் கேட்பார்? குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் 1969ஆம் ஆண்டில்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் சட்டம் வருவதை அறிந்து முன்கூட்டியே வெளியேற்றப்பட்டவர் உண்டு. என் தந்தையாரை நிலக்காரர் வெளியேற்றவில்லை. அதற்குச் சட்டம் காரணமா, அவருடைய நல்ல மனம் காரணமா என்பதை எங்கள் வீட்டில் இரண்டு விதமாகவும் பேசுவார்கள். மாணவர்களே, சட்டம் ஒன்று நிறைவேறிற்று என்று வரலாற்றுப் புத்தகத்தில் படிக்கும்போது, அது எந்தக் களம் வரையில் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியையும் உடன் கேட்டுப் பழகுங்கள்.

மூன்றாவது பள்ளிக்கூடம். நான் ஆசிரியன்; ஆதலால் இதைச் சற்று விரிவாகச் சொல்வதைப் பொறுத்தருள வேண்டும்.

பதினான்கு வயது வரையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுகளுக்குள் அளிக்க முயல வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டம் பணித்தது. அதற்கு வேண்டிய பள்ளிகளும் இல்லை, ஆசிரியர்களும் இல்லை, பணமும் இல்லை. இராஜாஜி ஒரு வழி கண்டார். சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படித்தால் போதும். அதே ஆசிரியர் ஒரு கூட்டத்திற்கு ஒரு வேளையும் மற்றொரு கூட்டத்திற்கு மறு வேளையும் கற்பித்தால், இருக்கும் பள்ளியிலேயே இரு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம். எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பார்த்துப் பழகட்டும். இத்திட்டம் 1953ஆம் ஆண்டு ஜூனில் பள்ளிகள் திறந்தபோது நடைமுறைக்கு வந்தது. மன்றத்தில் முன்கூட்டி விவாதிக்கப்படவில்லை.

கணக்கின்படி பார்த்தால் திட்டத்தில் பிழை காண்பது எளிதன்று. ஆனால், நம் நாட்டில் பெற்றோரின் தொழில் என்பது பெற்றோரின் சாதியைக் குறிக்கும் சொல்லாகவும் இருந்தது. வண்ணார் மகன் வெளுக்கவும், மருத்துவர் மகன் மழிக்கவும், பண்ணையாள் மகன் மாடு மேய்க்கவும் கற்க வேண்டும் என்று அரசே சொல்லுவதா என்று பெரியார் கேட்டார். 'குலக்கல்வித் திட்டம்' என்னும் பெயர் நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் திராவிட முன்னேற்றக் கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இத்திட்டத்திற்கு எதிரானது. அக்கட்சிக்கு அன்று மன்றத்தில் உறுப்பினர்கள் இல்லை. அது தேர்தலில் நின்றதே இல்லை. ஆயினும், தெருவில் எழுந்த குரல் மன்றத்திற்குள் கேட்டது. காங்கிரஸ் உறுப்பினர் பலருக்கே திட்டம் பிடிக்கவில்லை.

1953ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் அந்த விவாதம் நடந்தது. திட்டத்தையே கைவிட வேண்டும் என்ற தீர்மானம் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. ஆதரவு 138, எதிர்ப்பு 138. சமமாக நின்றதால் தீர்மானம் நிறைவேறவில்லை. அடுத்து, திட்டத்தை நிறுத்தி வைத்து, வல்லுநர் குழு ஒன்று ஆராய வேண்டும் என்ற மற்றொரு தீர்மானம் வந்தது. ஆதரவு 139, எதிர்ப்பு 137. அது நிறைவேறியது. இரண்டே வாக்கு வேறுபாட்டில், நாட்டின் தலைசிறந்த அரசியல் அறிஞர் ஒருவரின் திட்டத்தை மன்றம் தடுத்து நிறுத்தச் சொல்லிவிட்டது.

வல்லுநர் குழு பருலேகர் என்னும் கல்வியாளரின் தலைமையில் அமைந்தது. வேடிக்கை என்னவெனில், அக்குழு திட்டத்தை ஆதரித்தே அறிக்கை தந்தது. ஆனால், மக்களும் உறுப்பினர்களும் மனம் மாறவில்லை. 1954ஆம் ஆண்டு மார்ச்சில் உடல்நலக் குறைவைக் காரணமாகக் கூறி இராஜாஜி பதவி விலகினார். ஏப்ரல் 13ஆம் நாள் காமராஜர் முதலமைச்சரானார். மே 18ஆம் நாள் கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்பட்டதாக அறிவித்தார். அவர் இராஜாஜி அமைச்சரவையிலும் இருந்தவர், திட்டத்திற்காக வாதாடியவர். தாம் வாதாடிய திட்டத்தைத் தாமே திரும்பப் பெற்ற அமைச்சரை இன்று நாம் எளிதாகக் கேலி செய்துவிடலாம். மன்றத்தின் மனத்தை அறிந்து நடப்பதும் அமைச்சரின் கடமை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த ஓராண்டு எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். என் மூத்த தமையனார் அப்போது நான்காம் வகுப்பு. எனக்கும் அவருக்கும் பதினான்கு வயது இடைவெளி. காலை வேளை பள்ளி முடிந்ததும் அவர் மாடுகளை ஏரிக்கரைக்கு ஓட்டிச் செல்வார். சில திங்களில் மாடுகள் மட்டும் தங்கின, பள்ளி நின்றுவிட்டது. திட்டம் கைவிடப்பட்டு முழுநேரப் பள்ளி திரும்பியபோது, அவர் திரும்பிச் செல்லவில்லை. வீட்டிற்கு அவருடைய கை பழகிப் போயிருந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த நாளில், "அந்தத் திட்டத்தால்தானே உங்கள் படிப்புப் போயிற்று, அண்ணா?" என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "திட்டம் வராவிட்டாலும் நான் நின்றிருப்பேன், தம்பி, வீட்டுக் கஷ்டம் அப்படி. ஆனால், மூன்று மணி நேரம் போதும் என்று சர்க்காரே சொன்ன பிறகு, போதாது என்று அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் ஏது?" என்றார். நான் படித்த கல்வியியல் நூல்கள் எவற்றிலும் இதைவிடத் தெளிவான திறனாய்வைக் கண்டதில்லை.

காமராஜர் ஆட்சியில் அதே மன்றம் செய்தவற்றையும் காண்போம். அவர் முதல்வரானபோது மன்ற உறுப்பினரல்லர், பாராளுமன்ற உறுப்பினர். மேலவை நியமனத்தை நாடாமல், குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று மக்களிடம் வாக்குக் கேட்டு வென்றார். தம்மோடு எட்டுப் பேரே கொண்ட சிறிய அமைச்சரவையை அமைத்தார். காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயகரும் உழைப்பாளர் கட்சியின் இராமசாமிப் படையாட்சியாரும் அமைச்சரவையில் இடம்பெற்றனர். தாழ்த்தப்பட்ட வகுப்பினரான பி. பரமேசுவரனிடம் அறநிலையத் துறையும் ஒப்படைக்கப்பட்டது. கோயிலுக்குள் நுழையும் உரிமைக்காகப் போராடியவர்களின் பிரதிநிதி கோயில்களின் நிர்வாகத்தை மேற்பார்க்கும் அமைச்சரானார். எதிர்க்கட்சித் தலைவராகக் கம்யூனிஸ்டுத் தலைவர் பி. இராமமூர்த்தி அமர்ந்தார்.

பள்ளியில்லாத ஊர்களில் பள்ளிகள் திறக்க ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கப்பட்டது. உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம், சேமநிதி, ஆயுள் காப்பீடு மூன்றும் ஒருங்கே 1955ஆம் ஆண்டு முதல் கிடைத்தன. அதற்கு முன் அவ்வாசிரியர் முதுமையில் பிள்ளைகளின் கையையே எதிர்பார்த்திருந்தார். 1956ஆம் ஆண்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. செலவில் அரசு அறுபது விழுக்காடும் ஊரார் நாற்பது விழுக்காடும் ஏற்றுக்கொண்டனர். அவ்வாண்டே தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டமும் இயற்றப்பட்டது. ஐந்தாண்டுகளுக்கு முன் நான்கு மொழியினர் அமர்ந்திருந்த அவை, 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மலபாரும் தென் கன்னடமும் பிரிந்து கன்னியாகுமரியும் செங்கோட்டையும் சேர்ந்த பின், தமிழரின் அவையாகிவிட்டது. மாநிலத்திற்குத் 'தமிழ்நாடு' என்று பெயரிட வேண்டுமென உண்ணாநோன்பிருந்து சங்கரலிங்கனார் அவ்வாண்டு அக்டோபரில் உயிர் நீத்தார். அக்கோரிக்கையை அந்த மன்றம் நிறைவேற்றவில்லை. 1967ஆம் ஆண்டு வேறொரு மன்றம் தீர்மானம் நிறைவேற்ற, 1969ஆம் ஆண்டு பொங்கல் நாளில் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. ஒரு மன்றம் விட்டுச் சென்ற வேலையை மற்றொரு மன்றம் எடுத்துச் செய்வதும் மக்களாட்சியின் இயல்பே.

முதல் மன்றம் 1957ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் கலைந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் கும்மிடிப்பூண்டித் தொகுதி கமலாம்புஜம்மாள் என்னும் பெண்மணியைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்து அனுப்பியது.

மாணவர்களே, ஒரு சொல்லை மட்டும் விளக்கிவிட்டு முடிக்கிறேன். பள்ளிக்கு ஆகும் பணம், உணவுக்கு ஆகும் பணம், ஆசிரியர் சம்பளம் எல்லாம் 'மானியக் கோரிக்கை' என்ற பெயரில் மன்றத்தின் முன் வைக்கப்படும். அமைச்சர் கேட்பார், மன்றம் வாக்களிக்க வேண்டும். உறுப்பினர் எவரும் 'வெட்டுத் தீர்மானம்' கொடுத்து, இத்துறையின் குறை இன்னது என்று எடுத்துக்கூறலாம். ஒரு சிறு தொகையைக் குறைக்க வேண்டும் என்று கோருவது குறையைப் பேசுவதற்குக் கிடைக்கும் வாயில். மன்றம் வாக்களிக்காமல் கருவூலத்திலிருந்து பணம் எடுத்து எந்தப் பள்ளியும் நடத்த முடியாது. நாளேட்டில் அவை பெரிய எழுத்தில் வருவதில்லை, வெளிநடப்புத்தான் வருகிறது. அந்நாளைய விவாதங்கள் அச்சிட்ட தொகுதிகளாகப் பெரிய நூலகங்களில் இருக்கின்றன. ஒரு நாள் விவாதத்தையேனும் எடுத்துப் படித்துப் பாருங்கள். யார் என்ன கேட்டார், அமைச்சர் என்ன விடை சொன்னார், விடையில் எதை விட்டுவிட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நான் பள்ளியிற் சேர்ந்தபோது அது முழுநேரப் பள்ளி. நடுப்பகலில் மணி அடிக்கும். தட்டெடுத்து வரிசையில் அமர்வோம். என் தமையனார் மேய்த்த அதே மாடுகளின் கன்றுகள் அப்போதும் வீட்டில் இருந்தன. அவற்றை ஓட்டிச் செல்ல என்னை எவரும் அழைக்கவில்லை. அவரே ஓட்டிச் சென்றார். நான் தலைமையாசிரியராகிப் பின் ஓய்வும் பெற்றுவிட்டேன். அவர் எண்பதைத் தாண்டி ஊரில் இருக்கிறார்.

வகுப்பில் கேள்வி கேட்ட மாணவனிடம் நான் இக்கதையைச் சொல்லி முடித்தபோது, அவன், "அந்த இரண்டு வாக்கும் யாருடையவை, ஐயா?" என்று கேட்டான். கூட்டிப் பார்த்தால் 139 பேருடைய வாக்கும்தான் அந்த இரண்டு வாக்கு என்று சொன்னேன். அவன் சிறிது எண்ணிவிட்டு அமர்ந்தான். அன்று வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை.